பின்கதவு ஸ்பீக்கர் கரகரக்கிறது: கழற்றும் முன் கொஞ்சம் காது கொடுங்கள்

ஆலங்குளம் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2012 மாடல் கார், நாலு ஸ்பீக்கரும் கம்பெனியில் வந்தவை. பின்பக்க இடது ஸ்பீக்கர் ஆறு மாதமாகக் கரகரக்கிறது. சில நாள் பேசுவதே இல்லை, கதவை ஓங்கிச் சாத்தினால் திடீரென்று உயிர் வருகிறது. ஷோரூமில் ஜோடியாக மாற்றச் சொல்கிறார்கள், வெளிக்கடையில் பாட்டு ஓடும் செட்டையே (ஸ்டீரியோவை) மாற்றச் சொல்கிறார்கள். "நானே கழற்றிச் சரி பண்ண முடியுமா, அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்களேன்" என்று முடித்திருக்கிறார்.

கேட்டிருப்பது கழற்றுவதைப் பற்றி. ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது வேறு: கெட்டது ஸ்பீக்கர்தானா? ஆம் என்றால், அது பழுது பார்க்கத் தகுந்ததா? கழற்றுவது முக்கால் மணி நேர வேலை. ஸ்பீக்கரைக் கழற்றி, துடைத்து, ஒட்டி, மாட்டிய பிறகும் அதே கரகரப்பு வந்தால்தான் மனசு விட்டுப்போகும். என்னிடம் கையில் ஸ்பீக்கரோடு வந்தவர்களில் பாதிப்பேருக்காவது ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு மைக் செட் கடையில் தொழில் பழகியவன். சித்திரை, ஆடி மாதக் கோயில் கொடைத் திருவிழாக்கள் முடிந்தால் எரிந்த காயிலும் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) கிழிந்த கோனுமாக (முன்னால் அதிரும் கூம்பு) கடை நிரம்பிக் கிடக்கும். அதை ஒட்டி ஒட்டிக் கற்றதுதான் என் படிப்பு. அப்புறம் கார் ஆடியோ பக்கம் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நண்பரே, உங்கள் வண்டியைத் தொடாமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாடல் என்றும் நீங்கள் சொல்லவில்லை. அதனால் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்பதில் உங்கள் வண்டி கொஞ்சம் மாறலாம். சத்தத்தை வைத்துக் குறையைப் பிரிக்கும் முறை எந்த வண்டிக்கும் மாறாது.

கரகரப்பு என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்கிறோம், அதற்குள் மூன்று சத்தம் இருக்கிறது. ஒன்று, எண்ணெயில் கடுகு வெடிப்பது மாதிரிப் பொரிகிற சத்தம். இது பாட்டின் தாளத்தோடு சேர்ந்து வராது, தன் இஷ்டத்துக்கு வரும். இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒயர் அல்லது கப்ளர் (ஒயரை மாட்டும் பிளக்). இரண்டாவது, மணல் தாளில் நகத்தைத் தேய்ப்பது போன்ற உரசல். பேஸ் வரும் ஒவ்வொரு தடவையும் கூடவே வரும், சத்தத்தைக் குறைத்தாலும் மெல்லியதாக இருக்கும். இது ஸ்பீக்கருக்குள்ளே காயில் தட்டுகிற சத்தம். மூன்றாவது, ஏதோ ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு மட்டும் 'டர்ர்' என்று அதிர்வது. தவில் அடித்தால் வரும், நாகஸ்வரத்துக்கு வராது. இது பல நேரம் ஸ்பீக்கரே இல்லை. கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, உடைந்த கிளிப், சீட் பெல்ட்டின் கொக்கி, தளர்ந்த பிளாஸ்டிக், இப்படி ஏதாவது ஒன்று கூடச் சேர்ந்து பாடும். டோர் பேடில், அதாவது கதவின் உள்பக்க அட்டையில், உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அந்த அட்டைதான்.

இதைப் பார்க்க எதையும் கழற்ற வேண்டாம். செட்டில் பேலன்ஸ் (இடம்-வலம்), பேடர் (முன்-பின்) இரண்டையும் நகர்த்தி அந்த ஒரு மூலையை மட்டும் பேச விடுங்கள். நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து, வேறு யாரையாவது செட்டை இயக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த மூலையை அணைத்து மற்ற மூன்றையும் பேச விடுங்கள். அப்போதும் அதே இடத்தில் அதிர்ந்தால் ஸ்பீக்கரை விட்டுவிடலாம். வேப்ப மர நிழலில் பத்து நிமிட வேலை.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய வரி, கதவைச் சாத்தினால் உயிர் வருகிறது என்பது. பின்கதவுக்குப் போகும் ஒயர் எல்லாம் நடுத் தூணிலிருந்து ஒரு சுருக்கம் சுருக்கமான ரப்பர் குழாய் வழியாகக் கதவுக்குள் நுழைகிறது. கதவு திறக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒயர் மடங்கி நிமிர்கிறது. இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை மடங்கியிருக்கும்! உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறியும், மேல் உறை மட்டும் முழுசாக இருக்கும். இரண்டு மூன்று இழை மிச்சம் இருக்கும்போது பொரிகிற சத்தம் வரும், அதுவும் போனால் ஊமை. ஆகவே உங்கள் கரகரப்பு, ஊமை இரண்டுமே ஒரே காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு சின்னத் துப்பும் இருக்கிறது: அதே கதவின் பவர் விண்டோவோ சென்ட்ரல் லாக்கோ சில நேரம் முரண்டு பிடிக்கிறதா? பிடித்தால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது. கதவைத் திறந்து, பாட்டை ஓடவிட்டு, அந்த ரப்பர் குழாயைப் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் வேலை அங்கேதான். ரப்பரைத் தூணிலிருந்து பின்னுக்குத் தள்ளி, முறிந்த இடத்தை வெட்டி, நல்ல மெல்லிழை ஒயர் ஒரு சாண் சேர்த்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுச் சூடாக்க வேண்டும். இரண்டு ஒயரின் இணைப்பும் ஒரே இடத்தில் வரக் கூடாது, முன்பின்னாக வைக்க வேண்டும். மடிப்பு விழும் இடத்திலும் இணைப்பு வரக் கூடாது. முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான்.

ஒயர் சரி என்று தெரிந்தால் டோர் பேடைத் திறக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் செய்வது நல்லது. ஆனால் சில செட்டுகள் கரண்ட் போய் வந்தால் ரகசிய எண் கேட்கும், அந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே தொடுதலில் ஏறும் கண்ணாடி இருந்தால் அதற்கும் மறுபடி பழக்க வேண்டியிருக்கும். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: உள் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சின்ன மூடிக்கு அடியில், கதவை இழுக்கும் குழியின் அடியில், பேடின் கீழ் விளிம்பில். ஸ்க்ரூ எல்லாம் வந்த பிறகும் பேடு வராது, சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருக்கும். கீழ் மூலையில் தொடங்கி, கிளிப்புக்குப் பக்கத்திலேயே பிடித்து இழுக்க வேண்டும். தூரத்தில் பிடித்து இழுத்தால் கிளிப் வராமல் அட்டை உடையும். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயிண்ட் போகும். பிளாஸ்டிக் நெம்புகோல் இல்லாவிட்டால் தட்டையான மரக்கரண்டியில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். நம்மூர் வெயிலில் வெந்த கிளிப் நாலைந்தாவது உடையும், முன்னாலேயே பத்து வாங்கி வைப்பது கெட்டிக்காரத்தனம். எல்லாம் விட்ட பிறகு பேடை உங்கள் பக்கம் பிடுங்காதீர்கள், மேலே தூக்குங்கள். மேல் விளிம்பு கண்ணாடிப் பிளவில் கொக்கி போல மாட்டியிருக்கும். பின்னால் சுவிட்ச் கப்ளரும் கைப்பிடிக் கேபிளும் தொங்கும். கைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டுப் பிறகு விடுவியுங்கள்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் கருப்புப் பசையால் ஒட்டியிருக்கும். இதைத்தான் எல்லாரும் அலட்சியமாகக் கிழிக்கிறார்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே ஓடிக் கீழே உள்ள துளை வழியாகப் போக வேண்டும், பேடு பக்கம் வரக் கூடாது. அதற்குத்தான் அந்தத் தாள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரின் கதவில் நானே அதைப் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் மூடிவிட்டேன். அவர் ஆனி மாதச் சாரலுக்குக் குற்றாலம் போய்விட்டு வந்தார். பேடு ஊறி, கால்மிதிக்கு அடியில் தண்ணீர் நின்று, வண்டிக்குள் ஒரு வாரம் ஈரநாய் வாடை. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். ஸ்பீக்கர் தாளுக்கு வெளியே இருந்தால் தாளைத் தொடவே வேண்டாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் பசையை பிளேடால் நடுவே அறுத்து மெதுவாக உரியுங்கள், விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூசு பட்டால் மறுபடி பிடிக்காது.

ஸ்பீக்கரை மூன்று அல்லது நாலு ஸ்க்ரூ பிடித்திருந்தால் பிரச்சினை இல்லை. சில கம்பெனிகள் ரிவெட் அடித்திருப்பார்கள். ரிவெட்டின் தலையை மட்டும் டிரில்லால் அறுக்க வேண்டும். அந்தத் தூள் இரும்பாக இருந்தால் ஸ்பீக்கரின் காந்தம் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் முன்னாலேயே கோனை ஈரத்துணியால் மூடிவிடுங்கள். கதவுக்குள் விழுந்த தூளை வாக்குவம் வைத்து எடுத்துவிடுங்கள், விட்டால் துருக்கறை வழியும். திரும்ப மாட்டும்போது ரிவெட்டோ, ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூவோ, இரண்டும் ஒன்றுதான்.

ஸ்பீக்கர் கைக்கு வந்ததும் மல்டிமீட்டரை ஓமில் (மின்தடை அளக்கும் இடத்தில்) வைத்து இரண்டு முனையிலும் தொடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 3 முதல் 4 ஓமுக்குள் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. மீட்டரை வைத்தபடியே இரண்டு கட்டைவிரலாலும் கோனைச் சமமாக, மெல்ல உள்ளே அழுத்துங்கள். எண் குதித்தால், முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் அறுந்து கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தும்போது காதைப் பக்கத்தில் வையுங்கள். மீன் செதிள் உரசுவது மாதிரிச் சத்தம் வந்தால் காயில் தட்டுகிறது. மீட்டர் இல்லையா? ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள், 'டப்' என்று கோன் அசைந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. பாசிட்டிவ் பாசிட்டிவோடு சேர்ந்தால் வழக்கமாகக் கோன் வெளியே தள்ளும். ஒயர் நிறம் குழம்பிப்போனால் இதுவே வழி.

கதவில் தொங்கும் கப்ளரையும் சோதிக்க வேண்டும், ஆனால் அதில் ஏமாந்துபோக ஒரு இடம் இருக்கிறது. பேட்டரியைத் திரும்ப இணைத்து, செட்டை ஆன் செய்து, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஒரு ஸ்பீக்கர் ஒயருக்கும் வண்டி பாடிக்கும் நடுவே டிசி வோல்ட் பார்த்தால் 6 வோல்ட் போலக் காட்டும். "செட் எரிந்துபோச்சு" என்று இதை வைத்துச் சொல்லிவிடுவார்கள். இல்லை. இன்றைய கார் செட்டில் இரண்டு ஒயரையும் ஆம்ப் (செட்டுக்குள் ஒலியைப் பெருக்கும் பகுதி) சேர்த்தே ஓட்டுகிறது, பேட்டரியின் பாதி வோல்ட்டேஜ் இரண்டிலும் எப்போதும் நிற்கும். பார்க்க வேண்டியது அந்த இரண்டு ஒயருக்கும் இடையில். அங்கே ஏறத்தாழ பூஜ்யம் இருக்க வேண்டும். அங்கே ஒரு வோல்ட் இரண்டு வோல்ட் நின்றால்தான் செட்டில் கோளாறு. அப்படிப்பட்ட செட்டில் எந்தப் புது ஸ்பீக்கரை மாட்டினாலும் காயில் சுட்டுவிடும். இரண்டு ஒயரில் எதையும் பாடியில் எர்த் செய்யாதீர்கள், பழைய கால ரேடியோவில்தான் அது நடக்கும்.

இனிப் பழுது. எது சரியாகும், எது ஆகாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லாத இடங்கள் சில உண்டு. பின்னல் ஒயர் அறுந்தது சரியாகும். அதே நீளத்துக்குப் பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து பின்னல் ஒயரை எடுத்து, பழைய வளைவு மாதிரியே தளர்வு விட்டுப் பற்றவைக்க வேண்டும். சாதாரண ஒயர் வைத்தால் ஒரு மாதத்தில் முறியும். பற்றவைக்கும் ஈயம் பின்னலுக்குள் ஏறி ஓடிவிட்டாலும் அந்த இடம் விறைத்து முறியும், அதனால் சூடு ஒரு நொடிதான். கோனில் சின்னக் கிழிசல் சரியாகும். மெல்லிய டிஷ்யூ தாளைத் தண்ணீர் கலந்த பெவிகாலில் நனைத்துப் பின்பக்கம் ஒட்டினால் போதும். பெவிக்விக் வேண்டாம், அது கண்ணாடி மாதிரி இறுகி அதன் ஓரத்திலேயே மறுபடி கிழியும்.

கோனின் ஓரப்பட்டை ஸ்பஞ்சாக இருந்து பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால், அது வயசும் வெயிலும் ஈரமும் சேர்ந்து தின்றது. பின்கண்ணாடிக்கு அடியில் தட்டில் ஸ்பீக்கர் உள்ள செடான்களில் இது இன்னும் சீக்கிரம் வரும், நாள் முழுக்க வெயில் நேரே விழுகிறதே. அந்த வகையில் ஸ்பீக்கரைப் பல வண்டிகளில் டிக்கிக்குள்ளிருந்து பார்க்கலாம். ஆனால் கழற்றப் பின்சீட்டையும் தூண் அட்டையையும் எடுக்க வேண்டி வந்தால், மேலே கர்ட்டன் ஏர்பேக் (விபத்தில் ஜன்னலோரம் விரியும் காற்றுப்பை) ஓடுகிற வண்டியாக இருந்தால், நீங்களே செய்ய வேண்டாம் என்பேன். ஓரப்பட்டைக்கு வருவோம். மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்கும், 12 இஞ்சு 15 இஞ்சுக்கு நம்மூர்க் கடைகளிலேயே உண்டு. கார் அளவுக்கு இணையத்தில்தான் தேட வேண்டியிருக்கும். வாங்கும்போது வெளிவட்டத்தை மட்டும் அளக்காதீர்கள், கோனின் விளிம்பு அளவும் பொருந்த வேண்டும். ஒட்டுவதில் ஒரே சூட்சுமம் காயிலை நடுவில் நிறுத்துவது. பசை காயும் முன் 20 அல்லது 30 ஹெர்ட்ஸ் ஓசையை மிகக் குறைவாக ஓடவிட்டு, உரசல் கேட்காத இடத்தில் கோனை நகர்த்தி நிறுத்தி, ஒரு நாள் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

காயில் கருகியிருந்தால், வாசனையே சொல்லிவிடும். கொடைக்கு ஓடும் பெரிய ஸ்பீக்கருக்குக் காயில் மாற்றுவது லாபம். கதவில் இருக்கும் ஆறரை இஞ்சுக்குக் கூலி கட்டாது. காந்தத்தை மட்டும் பிரிக்காதீர்கள். திரும்ப ஒட்டினால் அந்த மயிரிழை இடைவெளி சுற்றிலும் சமமாக அமையாது. உரசல் தூசால் வருகிறதா, காயில் கோணியதால் வருகிறதா என்பது எனக்கே கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வண்டி என்றால் முதலில் தூசைத்தான் சந்தேகிப்பேன். தேரி மண் (அந்தப் பக்கத்துச் செம்மணல்) மாவு மாதிரி, எங்கும் நுழையும். அந்தக் கடற்கரையின் கருமணல் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், சின்ன வயசில் காந்தத்தை மணலில் இழுத்து விளையாடியவர்களுக்குத் தெரியும். ஊதினால் போகாது. கோனின் நடு மூடியை பிளேடால் அறுத்து எடுத்து, செலோடேப்பை மெல்லிய நாடாவாக நறுக்கி, பசைப் பக்கத்தை வைத்து இடைவெளிக்குள் விட்டு எடுக்க வேண்டும். பொறுமை இருந்தால் நடக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி மட்டும் தனிக் கதை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டி, தாமிரபரணி கரை புரண்டதே, அதற்குப் பிந்தைய மாதங்களில் பார்த்த கதவு ஸ்பீக்கர்களில் தேறியவை மிகக் குறைவு. வண்டல் காயிலுக்குள் காய்ந்து, காந்த இடைவெளியில் துரு உப்பி, காகிதக் கோன் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. அப்படி ஒரு வண்டியைப் பிறகு வாங்கியிருந்தால் பழுது யோசனையை விட்டுவிட்டு, கதவின் அடித்துளைகளில் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், கப்ளர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், அட்டைப் பெட்டியில் 300 வாட் என்று இருப்பதைப் பார்க்காதீர்கள். கம்பெனி செட் 14 வோல்ட் சொச்சத்தில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுப்பது 20 வாட் அளவுதான். அதனால் சென்சிடிவிட்டி (ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) எத்தனை டெசிபல் என்று பாருங்கள், அது 3 கூடினால் செட்டின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 2 ஓம் ஸ்பீக்கர் வேண்டாம். கண்ணாடியை முழுக்க இறக்கிப் பின்னால் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று அளந்துவிட்டு வாங்குங்கள், காந்தம் கண்ணாடியில் இடித்த கதை நிறைய. கம்பெனி ஒயரை வெட்டச் சொல்லும் கடையில் நிற்காதீர்கள், அந்தக் கப்ளருக்குப் பொருந்தும் அடாப்டர் கிடைக்கிறது. ஜோடியாக மாற்றச் சொன்னதில் தப்பில்லை, ஒரே பக்கம் மட்டும் புதுசு என்றால் இரண்டு பக்கமும் ஒரே குரலில் பேசாது. செட்டை மாற்றச் சொன்னதற்குத்தான், மற்ற மூன்று ஸ்பீக்கரும் ஒழுங்காகப் பேசும்போது, எனக்குக் காரணம் தெரியவில்லை.

மூடும் முன் ஸ்பீக்கர், விண்டோ சுவிட்ச், கைப்பிடி மூன்றையும் இணைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேடை அழுத்துங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் வளையமாக ஒட்டியிருக்கும் ஸ்பஞ்ச் உதிர்ந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பேஸ் எல்லாம் பேடுக்கு உள்ளேயே போய்விடும். இதற்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும்வரை பேடரை முன்பக்கம் தள்ளி வைத்து ஓட்டுங்கள், முன்சீட்டில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. அந்த ரப்பர் குழாயை மட்டும் இன்றைக்கே வளைத்துப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று எழுதுங்கள். பொரிகிற சத்தம் வந்தது என்றால் மேலே எழுதியதில் பாதி உங்களுக்கு வேண்டியதில்லை.